இரண்டு வருஷக் குத்தகையும் வந்தவாசி நாயக்கரும்

சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்த எல்லோருக்கும் 11 மாத அக்ரிமெண்ட் பற்றித் தெரிந்திருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும், அதற்குச் செலவு ஆகும் என்பதால் வந்த பழக்கம் அது. பதினோராவது மாதம் முடியப் போகும்போதுதான் வாடகைக்கு இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். வீட்டுக்காரர் அட்வான்ஸை ஏற்றுவாரா, வாடகையை ஏற்றுவாரா, இல்லை "பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்று சொல்லிவிடுவாரா? வீட்டுக்காரரின் கை ஓங்கும் ஒரே நாள் அக்ரிமெண்டைப் புதுப்பிக்கும் நாள்தான்.

இதில் ஒரு வேடிக்கை. இப்படி வாடகைக்காரர்களைப் படாத பாடு படுத்துகிற சென்னை நகரமே ஒரு காலத்தில் இரண்டு வருஷக் கெடு போட்டுக் கொடுக்கப்பட்ட இடம்தான்! கொடுத்தவர் வந்தவாசிக்காரர். வாங்கியவர்கள் 113 வருஷம் பத்திரத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வாடகையே இல்லாமல் போனது. அதற்கும் பிறகு, நிலத்துக்காரரே குடியிருந்தவரிடம் குத்தகை எடுக்கும் நிலைமை வந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற வந்தவாசி என்றால் இன்றைக்குப் பலருக்கு நினைவுக்கு வருவது கோரைப் பாய். பட்டு என்றால் ஆரணி, பாய் என்றால் வந்தவாசி. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் அதே ஊர் ஒரே ஒரு வரியில் வரும்: 1760ல் வந்தவாசிப் போர், பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள், ஆங்கிலேயர் ஆதிக்கம் உறுதியானது. (ஐந்து மதிப்பெண் கேள்வி!) ஆனால் அந்தப் போருக்கு 121 வருஷம் முன்னாலேயே வந்தவாசிக்கும் ஆங்கிலேயருக்கும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் 1760 முழுசாகப் புரியும்.

இடம் பார்க்க வந்தவர்

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1611 முதல் மசூலிப்பட்டினத்தில் ஒரு பண்டகசாலை இருந்தது. அங்கே கோல்கொண்டா அதிகாரிகளின் தொல்லை தாங்காமல் 1626ல் தெற்கே ஆர்மகான் என்ற இடத்தில் (இப்போதைய ஆந்திராவில் துர்கராஜபட்டினம் பக்கம்) இன்னொன்றைத் தொடங்கினார்கள். ஆர்மகானில் தொல்லை குறைவு, ஆனால் துணியும் குறைவு. கம்பெனிக்கு வேண்டியது துணி. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியைக் கொண்டுபோய் கிழக்குத் தீவுகளில் கொடுத்தால்தான் அங்கே மிளகும் கிராம்பும் கிடைக்கும். காசைக் கொட்டினால்கூட அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

ஆர்மகானில் இருந்த பிரான்சிஸ் டே 1639ல் கரையோரமாகத் தெற்கே இறங்கிவந்து இடம் பார்த்தார். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள், தெற்கே சாந்தோமில் போர்ச்சுக்கீசியர்கள், நடுவில் மதராசப்பட்டினம். துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. திறந்த கடல், அலை, மணல். கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலாப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். ஆனால் இங்கே நல்ல நீளத்துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்று டே கணக்குப் போட்டார். அதுதான் முக்கியம். உள்நாட்டில் ஊர் ஊராகத் தறி ஓடிக்கொண்டிருந்த பிரதேசம் இது. அந்தத் தறிகளுக்குக் கிட்டத்தில் கடலோரமாக ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்தக் கடற்கரை அப்போது யாருடையது என்றால், பேருக்கு விஜயநகரப் பேரரசருடையது. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு தேய்ந்துபோன விஜயநகரத்தின் கடைசி வம்சமான ஆரவீடு வம்சத்தார் சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்துகொண்டு ஆண்டார்கள். அவர்களுக்குக் கீழே இந்தக் கரையைக் கையில் வைத்திருந்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அவருக்கு இருப்பிடம் வந்தவாசி. தம்பி அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டு கரையோர விஷயங்களைப் பார்த்துக்கொண்டார். இவர்களுடைய அப்பா பெயர் சென்னப்ப நாயக்கர். சென்னை என்ற பெயருக்கே அவர்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

நாயக்கர்களுக்கு என்ன ஆசை? அதுவும் வெளிப்படையானதுதான். டச்சுக்காரருக்கும் போர்ச்சுக்கீசியருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருத்தன் வந்து உட்கார்ந்தால் இரண்டு பேருடைய கொட்டமும் அடங்கும். வியாபாரம் பெருகும், சுங்கம் வரும். நல்ல குதிரைகள் கிடைக்கும். கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. அன்றைக்குக் கடற்கரையில் நிலம் வைத்திருந்த எவரும் இப்படித்தான் யோசித்திருப்பார்கள். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் 1620லேயே தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்திருந்தார்.

பத்திரத்தில் என்ன இருந்தது

ஆகஸ்ட் 22, 1639. இந்தத் தேதியில்தான் இன்றைக்கு மெட்ராஸ் டே கொண்டாடுகிறார்கள். (பத்திர நகல்களில் ஜூலை 22 என்றுதான் இருக்கிறது. ஆனால் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்ததே ஜூலை 27. வருவதற்கு முன்னாடியே கையெழுத்து வாங்கியிருக்க முடியாது அல்லவா? அதனால் ஆகஸ்ட் என்று திருத்திக்கொண்டார்கள்.)

பத்திரத்தின் ஷரத்துகளைப் படித்தால் நம்ம ஊர் வாடகை அக்ரிமெண்ட் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். மதராசப்பட்டினத்தில் ஒரு கோட்டை கட்டிக்கொள்ளலாம். கட்டும் செலவை முதலில் நாயக்கர் ஏற்பார், ஆங்கிலேயர் கோட்டையைக் கைக்கொண்டதும் திருப்பித் தரவேண்டும். கோட்டையில் வந்து அமர்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஊரின் நிர்வாகம் முழுக்க அவர்கள் கையில். அதற்குப் பிறகு துறைமுகச் சுங்கத்திலும் வருமானத்திலும் ஆளுக்குப் பாதி. கம்பெனியின் சொந்தச் சரக்குக்கு எப்போதுமே சுங்கம் கிடையாது. நாணயம் அடித்துக்கொள்ளலாம், அதற்கும் வரி இல்லை.

இன்னொரு ஷரத்தும் உண்டு, வரலாற்றுப் புத்தகங்கள் அதிகம் கண்டுகொள்ளாதது. இந்த ஊரில் இருக்கிற வியாபாரிகளுக்கும் சாயம் எழுதுகிறவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் கம்பெனி முன்பணம் கொடுக்கும். கொடுக்கும் முன் நாயக்கரைக் கேட்டு, ஆள் நாணயமானவர்தான் என்று அவருடைய வாக்கை வாங்கிக்கொண்டால், பிற்பாடு அந்த ஆள் சரக்கு தராமல் போனால் நாயக்கர் பணத்தை ஈடுகட்டுவார். இல்லாவிட்டால் தன் எல்லைக்குள் எங்கே அகப்பட்டாலும் அந்த ஆளையே பிடித்து ஒப்படைப்பார்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வீட்டை வாடகைக்கு விடும்போது ஃபேன், லைட், குழாய் எல்லாம் பட்டியல் போட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரி நெசவாளர் பத்திரத்தில் வருகிறார். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நெசவாளரும் இல்லை, மீனவரும் இல்லை. தங்கள் ஊர் கைமாறியது அவர்களுக்குத் தெரிந்ததே அடுத்த வருஷம் கப்பல் வந்து நின்றபோதுதான் போலிருக்கிறது. வந்தவாசி நாயக்கர் கொடுத்தது வெறும் மணல்மேடு இல்லை, அங்கே இருந்தவர்கள் மேல் தனக்கிருந்த அதிகாரத்தையும் சேர்த்துத்தான்.

1640 பிப்ரவரி 20ல் ஆண்ட்ரூ கோகனும் பிரான்சிஸ் டேயும் 25 சிப்பாய்கள், சில கைவினைஞர்களோடு வந்து இறங்கினார்கள். நாகபட்டன் என்ற வெடிமருந்து செய்பவரும் கூட வந்தார். கோட்டைக்குப் பணம் தருவதாகச் சொன்ன நாயக்கரிடமிருந்து பணம் வரவில்லை. பத்திரத்தை இவர்கள் ஒரு மாதிரி படித்தார்கள், அவர் இன்னொரு மாதிரி படித்தார். (வெள்ளையடிப்பது யார் பொறுப்பு என்ற சண்டை அப்போதே உண்டு!) கட்டுமானக் கடனுக்கான வட்டியைத் தன் கையிலிருந்தே தருவதாக டே சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாளுக்குள் ஒரு பகுதி எழும்பிவிட்டது. கோட்டைக்குப் பெயர் அப்படித்தான் வந்தது.

வீட்டுக்காரருக்கு வந்த சோதனை

இரண்டு வருஷக் கெடு 1642ல் முடிகிறது. நியாயப்படி வந்தவாசி நாயக்கர் வந்து தன் பாதிச் சுங்கத்தைக் கேட்டு வாங்க வேண்டிய நேரம். சரியாக அந்த நேரத்தில் பேரரசர் இறந்தார், மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் பட்டத்துக்கு வந்தார். புது அரசருக்கு வெங்கடாத்ரி நாயக்கர் மேல் சந்தேகம். கோல்கொண்டா சுல்தானோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று குற்றம் சாட்டிப் பிடித்து வைத்துவிட்டார். உறவினர்கள் படை திரட்டிய பிறகுதான் விடுதலை. பழைய செல்வாக்கு திரும்பவே இல்லை.

கம்பெனி என்ன செய்தது? நாயக்கருக்காகக் காத்திருக்கவில்லை, அவருக்கு மேலே இருப்பவரிடம் நேராகப் போனது. 1645ல் ஹென்றி கிரீன்ஹில் வேலூருக்குப் போய் ஸ்ரீரங்க ராயரைப் பார்த்துப் புது சாசனம் வாங்கி வந்தார். அதில் ஊருக்கு ஸ்ரீரங்கராயபட்டணம் என்று பெயர் (ஒட்டவில்லை). நரிமேடு என்ற நிலம் கூடுதலாகக் கிடைத்தது. அதைவிடப் பெரிய லாபம், ஊரில் நீதி விசாரிக்கும் அதிகாரமும் கம்பெனிக்கே வந்தது. பூந்தமல்லி அதிகாரிகள் இனிமேல் தலையிட முடியாது. இரண்டு வருஷத்துக்கு என்று கொடுத்த நிர்வாகம் கெடுவே இல்லாமல் நீண்டுவிட்டது. வந்தவாசி நாயக்கர் கதையிலிருந்தே மறைந்துபோனார்.

அந்தச் சாசனத்தைக் கொடுத்த அரசரும் ரொம்ப நாள் தாங்கவில்லை. கோல்கொண்டாவும் பீஜப்பூரும் இரண்டு பக்கமும் நெருக்கின. ஸ்ரீரங்க ராயர் நாட்டை இழந்து மைசூர், இக்கேரி என்று மற்றவர்கள் தயவில் இருக்க வேண்டி வந்தது. நிலத்துக்காரர் ஊர் ஊராக அலைய, குடியிருந்தவர் கோட்டைக்குள் பத்திரமாக இருந்தார்.

வாரமா, குத்தகையா?

அடுத்து வந்தவர் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா. 1647ல் அவரும் கம்பெனியின் சலுகைகளை ஏற்றுக்கொண்டார். சுங்கத்தில் பாதி மட்டும் தனக்கு வரவேண்டும் என்றார். இந்த இடத்தில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு வாரத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. நன்றாக விளைந்தால் நிலத்துக்காரருக்கும் கூட வரும், விளையாவிட்டால் இருவருக்கும் நஷ்டம். அதனால் அறுவடை நாளில் நிலத்துக்காரர் களத்துமேட்டுக்கு வந்து நிற்பார். எத்தனை மூட்டை என்று எண்ணுவார். குத்தகை அப்படி இல்லை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசின நெல்லோ பணமோ கொடுத்தால் போதும். நிலத்துக்காரருக்கு நிம்மதி, ஆனால் களத்துமேட்டில் அவருக்கு வேலை இல்லை.

1639 பத்திரம் வாரம். பாதிச் சுங்கம் என்றால் பாதி. அதனால்தான் நிலத்துக்காரரின் ஆட்களுக்கு ஊருக்குள் வந்து கணக்குப் பார்க்கும் உரிமை இருந்தது. கம்பெனிக்கு எரிச்சலே அதுதான். 1656ல் மீர் ஜும்லாவின் கப்பல் ஒன்றைக் கம்பெனிக்காரர்கள் பிடித்துவைக்க, அவருடைய ஆட்கள் வந்து கோட்டையை முற்றுகையிட, 1658ல் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பாதிச் சுங்கத்துக்குப் பதிலாக வருஷத்துக்கு 380 வராகன் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். (வராகனைத்தான் ஆங்கிலேயர் பகோடா என்றார்கள். பிற்காலக் கணக்கில் ஒரு வராகன் மூன்றரை ரூபாய்.) வாரம் குத்தகையாக மாறிய நாள் அது.

கோல்கொண்டாவின் அடுத்த ஆளுநர் நெக்நாம் கானுக்கு இது பிடிக்கவில்லை. ஊர் வளர்ந்துகொண்டே போகிறது, 380 வராகன் எந்த மூலைக்கு என்று மறுபடியும் பாதிச் சுங்கத்தைக் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். பல வருஷ இழுபறிக்குப் பிறகு 1672ல் முகவர் வில்லியம் லாங்ஹார்னோடு உடன்பாடு ஆனது. வருஷத்துக்கு 1200 வராகன். மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டதே, நெக்நாம் கான் கெட்டிக்காரர்தான் என்று தோன்றும். ஆனால் பதிலுக்கு அவர் கொடுத்ததைப் பாருங்கள். சூரியனும் சந்திரனும் இருக்கும்வரை ஊர் ஆங்கிலேயரிடம் குத்தகையாக இருக்கும். சுல்தானின் அவல்தாரோ வேறு ஆட்களோ ஊருக்குள் வந்து உட்கார மாட்டார்கள்.

நம்முடைய கோயில் கல்வெட்டுகளில் "சந்திராதித்தவரை" என்று வரும். அரசர்கள் கோயிலுக்கு நிலம் விடும்போது சொல்லும் வாசகம். கடவுளுக்குக் கொடுக்கிற கெடுவைக் கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று.

அந்த 1200 வராகன் அதற்குப் பிறகு ஏறவே இல்லை. 1672லிருந்து 1752 வரை, 80 வருஷம்! மணல்மேடாக இருந்த இடத்தில் கோட்டை, கோட்டைக்கு வடக்கே கருப்பர் பட்டினம், அதில் செட்டிகள், முதலிகள், ஆர்மீனியர்கள், குஜராத்திகள், தறிக்காரர்கள், கப்பல் வியாபாரம், 1688லிருந்து நகராட்சி. எல்லாம் வளர்ந்தது, வாடகை மட்டும் வளரவில்லை. ஆங்கிலேயர் இந்தியாவை வாளால் பிடித்தார்கள் என்று சொல்வது பாதிதான் உண்மை. மதராசைப் பொறுத்தவரை நிலத்துக்காரர் கணக்குப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்த அன்றைக்கே நிலம் போய்விட்டது. போர் எல்லாம் அப்புறம்.

சுல்தான் போய் பாதுஷா

1687ல் ஔரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடித்தார். கம்பெனிக்கு மீண்டும் புது வீட்டுக்காரர். இந்தமுறையும் அதே வித்தைதான். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690ல் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டு மராட்டியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முற்றுகை எட்டு வருஷம் இழுத்தது. பணமும் வெடிமருந்தும் தேவைப்பட்ட ஆளிடம் பத்திரத்தைப் புதுப்பிப்பது கஷ்டமா என்ன? பழைய உரிமைகள் எல்லாம் உறுதியாயின. 1693 தொடக்கத்தில் மராட்டியரின் அடி தாங்காமல் செஞ்சியிலிருந்து பின்வாங்கிய சுல்பிகார் கான் போய்த் தங்கியது எங்கே தெரியுமா? வந்தவாசியில்! அதே 1693ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய ஊர்களும் கம்பெனிக்குக் கிடைத்தன. திருவல்லிக்கேணி அதற்கு முன்பே, கோல்கொண்டா காலத்திலேயே, வருஷத்துக்கு 50 வராகன் என்று குத்தகைக்கு வந்துவிட்டது. 1708ல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு.

நிலத்துக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லக்கூடாது. பூந்தமல்லி லிங்கப்பா 1680களின் தொடக்கத்தில் மதராசுக்கு அரிசி, காய்கறி வராமல் வழியை மறித்தார். 1702ல் நவாப் தாவூத் கான் சுமார் மூன்று மாதம் ஊரைச் சுற்றி வளைத்தார். தண்ணீரை நிறுத்தி, கரண்டைப் பிடுங்கிக் குடியிருப்பவரைக் காலி செய்யப் பார்ப்பார்களே, அந்தமாதிரி. ஆனால் கடல் பக்கம் கதவு திறந்தே இருந்தது. கப்பலில் எல்லாம் வந்தது. கடைசியில் தாவூத் கான் தரப்பு 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனது. நிரந்தர வாடகையை ஏற்ற முடியாதவர்களுக்கு அவ்வப்போது கைக்காசு.

தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுக்கும் இதே மாதிரி பத்திரம்தான். ஆனால் அவர்கள் தஞ்சை அரசர்களுக்கு வருஷக் கப்பம் கட்டிக்கொண்டு அடங்கி இருந்து, 1845ல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆகவே குத்தகைக்கு வந்தவன் எல்லாம் நாட்டைப் பிடித்துவிடுவான் என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் இன்றைக்கும் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வீட்டைச் சொந்தமாக வாங்குவதில்லை. 99 வருஷம், 125 வருஷம் என்று குத்தகையைத்தான் வாங்குகிறார்கள். நிலம் வேறொருவருடையது. வருஷம் குறையக் குறைய வீட்டின் விலை இறங்கும். பாக்கி 80 வருஷத்துக்குக் கீழே போனால் நீட்டிக்கும் செலவு எகிறிவிடும். லண்டனில் வீடு வாங்கிய நம்ம ஊர் சாஃப்ட்வேர்காரர்கள் இதைக் கேட்டு முதலில் திகைத்துப் போவார்கள். 1993ல் வந்த சட்டம், நிலத்துக்காரருக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு 90 வருஷம் நீட்டிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. 2024ல் நிறைவேறிய சட்டம் அதை 990 வருஷம் ஆக்க வகை செய்தது. நீட்டித்த குத்தகைக்கு வருஷ வாடகை எவ்வளவு தெரியுமா? சட்டத்தின் வார்த்தையிலேயே, ஒரு மிளகு! வாடகையே இல்லை என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மிளகு தேடிக் கிளம்பிய கம்பெனியின் ஊரில் வாடகைக்கு மிளகுதான் அளவு. 1200 வராகனும் கடைசிக் காலத்தில் ஏறத்தாழ ஒரு மிளகுதான்.

எல்லா இடத்திலும் நீட்டித்துக் கொடுப்பார்கள் என்றும் இல்லை. தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் வீடமைப்பு வாரிய வீடுகள் எல்லாம் 99 வருஷக் குத்தகை. கேலாங் பகுதியில் 60 வருஷக் குத்தகையில் இருந்த 191 தரைவீடுகள் கெடு முடிந்து 2020 டிசம்பர் 31ல் இழப்பீடு இல்லாமல் அரசிடம் திரும்பின. ஹாங்காங்கின் வடபகுதியை 1898ல் 99 வருஷத்துக்குக் குத்தகை எடுத்த பிரிட்டன் 1997ல் முழு ஹாங்காங்கையும் திருப்பிக் கொடுத்தது. கெடு முடிந்த நாளில் நிலத்துக்காரர் பலமாக இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுபடியும் வந்தவாசி

1746ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராசைப் பிடித்து, 1749ல் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சண்டை. முகமது அலிக்குக் கம்பெனி துணை, சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. 1752ல் சந்தா சாகிப் கொல்லப்பட்டு முகமது அலியின் கை ஓங்கியது. அந்த வருஷமே அவர் மதராசுக்கான 1200 வராகன் வாடகையைத் தள்ளுபடி செய்தார். தன் பதவிக்கே கம்பெனியின் துப்பாக்கியை நம்பியிருந்தவர் அந்தக் கம்பெனியிடம் வாடகை கேட்க முடியுமா? 1639ல் தொடங்கிய பத்திரக் கதை 113 வருஷத்தில் முடிந்தது.

எட்டு வருஷம் கழித்து வந்தவாசி. 1759 நவம்பர் கடைசியில் ஐர் கூட் வந்தவாசிக் கோட்டையைப் பிடித்துவிட்டார். அதை மீட்கப் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். 1760 ஜனவரி 22ல் கோட்டைக்கு வெளியே போர். பிரெஞ்சுக் குதிரைப்படை சரியான நேரத்தில் முன்னேறவில்லை. குளக்கரை அருகே இருந்த பிரெஞ்சு வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறியதில் அந்தப் பக்கம் குலைந்தது. லாலிக்கு அடுத்த நிலையில் இருந்த புஸ்ஸி பிடிபட்டார். அடுத்த ஜனவரியில் பாண்டிச்சேரியும் விழுந்தது.

சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அந்தப் போரில் என்ன கிடைத்தது என்று எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை. இரண்டு படைகளும் தின்றது இந்த ஊர்களின் நெல்லைத்தான். இருபது வருஷம் கழித்து ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது ஃபிளின்ட் என்ற கம்பெனி அதிகாரி இதே கோட்டைக்குள் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார். அப்போதும் வெளியே இருந்த ஊர்கள்தான் எரிந்தன.

போர் முடிந்த கையோடு கணக்கு தலைகீழானது. போர்ச் செலவுக்கு ஈடாக 1763ல் நவாப் முகமது அலி மதராசைச் சுற்றியிருந்த பெரிய நிலப்பரப்பைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பிற்காலச் செங்கல்பட்டு மாவட்டம் பெரும்பாலும் அதுதான். கொடுத்த கையோடு அதே நிலத்தைக் கம்பெனியிடமிருந்து அவரே குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்! தன் நிலத்துக்குத் தானே வாடகை. கெடு முடிய முடியப் புதுப்பித்துக் கொடுக்கும்படி கேட்க வேண்டிய இடத்தில் இப்போது நவாப். 1780 வரை ஓடியது. பிறகு கம்பெனி நிலத்தை நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1801ல் கர்நாடகம் முழுவதும் போயிற்று.

வந்தவாசி நாயக்கர் வெங்கடாத்ரியின் தாமர்ல குலத்தவர் காளஹஸ்தியில் பாளையக்காரர்களாகத் தொடர்ந்தார்கள். 1802ல் அவர்களுக்கு ஜமீன் சனது கிடைத்தது. அதில் சந்திர சூரியர் உள்ளவரை என்றெல்லாம் தாராளம் இல்லை. வருஷம் தவறாமல் பேஷ்கஷ் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். சனது எழுதிக் கொடுத்தது புனித ஜார்ஜ் கோட்டை.